பில் கம்ப்யூட்டர் திணறுகிறதா? புதிது வாங்கும் முன் ஒரு குறிப்பேடு வாங்குங்கள்!



கடையில் சரக்கு நிறைந்திருக்கிறது. வாசலில் கூட்டம் நிற்கிறது. கையில் பணத்தோடு வாடிக்கையாளர் காத்திருக்கிறார். ஆனால் பில் வரவில்லை! திரையில் சிறு வளையம் ஒன்று சுற்றிக் கொண்டே இருக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியானாலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைத்தெருவானாலும் சரி, கம்ப்யூட்டர் பில் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு இது பழகிப்போன தலைவலி.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பில் போடுபவரைத் திட்டுகிறோம். அடுத்து சர்வீஸ்காரருக்குப் போன் செய்கிறோம். கடைசியில் "மெஷின் பழசாகி விட்டது, புதுசு போட்டு விடுங்கள்" என்ற பேச்சைக் கேட்டுப் பணத்தைக் கட்டுகிறோம். நாமும் ஒரு முறை இந்த மூன்றையும் வரிசையாகச் செய்தவர்கள்தான். மூன்றுமே தவறு என்பது பிறகுதான் விளங்கியது. நமக்கு ஏற்பட்ட நஷ்டம் மற்ற உறுப்பினர்களுக்கு ஏற்படக் கூடாது என்பதற்காக, உள்ளதை உள்ளபடியே எழுதுகிறோம்.

நமது கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி நேரம். நமது கடையில் மூன்று கவுண்டர்கள். மூன்றுக்கும் பொதுவாகப் பின் அறையில் ஒரு கம்ப்யூட்டர்; அதைத்தான் சர்வர் என்கிறோம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது, மாலையில் விளக்கு வைத்த பிறகு திணற ஆரம்பித்தது. ஒரு சாமானை அடித்தால் விலை வந்து நிற்க அரை நிமிடம் ஆயிற்று.

மணமேல்குடிப் பக்கத்திலிருந்து மாதம் இருமுறை வந்து சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், சிட்டையைக் கொடுத்து விட்டு ஒரு மணி நேரம் நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு முதலாளி, நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்று சிட்டையைத் திரும்ப வாங்கிக் கொண்டு போனார். மறுநாள் அவர் வரவில்லை. வேறு கடையில் எடுத்துக் கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த ஆத்திரத்தில், பில் போடும் பெண்ணை வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே கடிந்து கொண்டோம். அவர் பதில் பேசவில்லை.

சர்வீஸ்காரர் சொன்னபடி புதிய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டோம். தீபாவளிக் கூட்டமும் ஓய்ந்ததால் நோய் தீர்ந்தது போலத் தெரிந்தது. அடுத்த மாதம் முதல் வாரத்திலேயே பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாகி விட்டது!

அப்போதுதான் அந்தப் பெண் ஒரு இருபது பக்க நோட்டைக் கொண்டு வந்து வைத்தார். "நான் மெதுவாப் போடலைன்னு காட்டத்தான் எழுதி வச்சேன், முதலாளி" என்றார். ஒவ்வொரு முறை பில் நின்றபோதும் தேதி, மணி, எவ்வளவு நேரம் நின்றது என்று வரிசையாகக் குறித்திருந்தார். புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே மாலை ஆறரை மணிக்கும் ஏழேகால் மணிக்கும் இடையில்!

ஆறரை மணிக்குக் கடையில் என்ன நடக்கிறது? கணக்கப்பிள்ளை மறுநாள் கொள்முதலுக்காக இருப்பு அறிக்கை எடுக்கிறார். அந்த அறிக்கையோ, கடை தொடங்கிய நாள் முதல் போட்ட எல்லா பில்களையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கூட்டிக் கழித்து விடை சொல்வது. அது முடியும் வரை மூன்று கவுண்டர்களும் காத்து நின்றன. அறிக்கையை மதியம் இரண்டு மணிக்கு மாற்றினோம். மென்பொருள்காரரிடம் சொல்லி நடப்பு ஆண்டுக்கு மட்டும் எடுக்கும்படி செய்தோம். திணறல் அன்றோடு போயிற்று. செலவு ஒரு பைசா இல்லை.

திட்டியது எல்லோர் முன்னிலையிலும். எனவே வருத்தம் தெரிவித்ததும் எல்லோர் முன்னிலையிலும்தான். ஆனால் போன வாடிக்கையாளர் போனவர்தான்.

சர்வருக்குள் இருப்பது என்ன?

இதைப் புரிந்து கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. பழைய கணக்கு அறையை நினைத்துக் கொண்டால் போதும். டேட்டாபேஸ் என்பது பேரேட்டுக் கட்டு. சர்வர் மென்பொருள் என்பது அதைக் காக்கும் கணக்கப்பிள்ளை. ஹார்ட் டிஸ்க் என்பது பேரேடுகள் இருக்கும் பீரோ. மெமரி என்பது அவர் முன்னால் உள்ள மேஜை. அடிக்கடி வேண்டிய பேரேடு மேஜை மேலேயே இருந்தால் உடனே பதில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பீரோவைத் திறக்க வேண்டியிருந்தால் தாமதம்தான்.

பேரேட்டின் முன்னால் "இன்னார் கணக்கு இத்தனையாம் பக்கம்" என்று பெயர் வரிசை எழுதி வைப்போமல்லவா? கம்ப்யூட்டரில் அதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். அது இல்லாவிட்டால் ஒரு சாமானின் விலையைத் தேட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும். நூறு பக்கம் இருக்கும்போது இந்தக் குறை தெரியாது. லட்சம் பக்கம் ஆகும்போது கடையே நின்று விடும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் பேரேட்டில் எழுதிக் கொண்டிருக்கும்போது மற்றவர் அதே பக்கத்தில் கை வைக்க முடியாது. ஒருவர் நீண்ட நேரம் கூட்டிக் கொண்டிருந்தால் எழுத வந்தவர் காத்திருக்க வேண்டும். இதை லாக் என்கிறார்கள். நமது கடையில் நடந்தது இதுதான். மெஷின் சோம்பலாக இல்லை. பில், அறிக்கை முடிவதற்காகக் காத்துக் கிடந்தது.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: எல்லாக் கவுண்டரும் நிற்கிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் சர்வரைத் தொட வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரையும் அதற்கு வரும் வயரையும் பாருங்கள். எல்லாம் நின்றால்தான் சர்வர் பக்கம் போக வேண்டும். சாதாரண பில் ஓடுகிறது, இ-இன்வாய்ஸ் அல்லது இ-வே பில் மட்டும் நிற்கிறது என்றால் கோளாறு இணையத்திலோ அரசு போர்ட்டலிலோ இருக்கலாம். நம் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு: எந்த நேரத்தில் நிற்கிறது? தினமும் ஒரே நேரம் என்றால், அந்த நேரத்தில் ஓடும் ஏதோ ஒரு வேலைதான் காரணம். அறிக்கை, பேக்கப், வைரஸ் தேடும் மென்பொருள், விண்டோஸ் அப்டேட் ஆகிய நான்கையும் சந்தேகிக்கலாம்.

மூன்று: எப்போதிலிருந்து? மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானால், டேட்டா பெருத்து விட்டது அல்லது இண்டெக்ஸ் சரியில்லை. நேற்று வரை ஓடி இன்று திடீரென்று நின்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாற்றினோம் என்று பாருங்கள். எதையும் மாற்றவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போகும் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது உடனே பேக்கப் எடுத்து விடுவதே புத்திசாலித்தனம்.

நாமே பார்க்கக் கூடிய நான்கு இடங்கள்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் சர்வரின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம்.

முதலாவது சி.பி.யூ. இது தொடர்ந்து நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால் மூளைக்கு வேலை அதிகம். எந்த நிரல் அதைத் தின்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

இரண்டாவது மெமரி. நிரம்பி வழிந்தால், மேஜையில் இடமில்லாமல் பேரேட்டைத் தரையில் வைத்து எடுப்பது போல் ஆகிவிடும்.

மூன்றாவது டிஸ்க். பெரும்பாலான கடைகளில் திருடன் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்" என்று மில்லி செகண்டில் ஒரு எண் காட்டும். அது பத்துக்குள் இருந்தால் நல்லது. இருபதைத் தாண்டி அங்கேயே நின்றால் டிஸ்க் திணறுகிறது என்று பொருள். சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் விவரங்களை ஒரு செகண்டில் சுமார் நூறு முறைதான் தேடி எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி. வகை பல்லாயிரம் முறை எடுக்கும். சோதித்துப் பார்த்து டிஸ்க்தான் குற்றவாளி என்று தெரிந்தால், முழுக் கம்ப்யூட்டரையும் மாற்றாமல் அதை மட்டும் மாற்றலாம்.

நான்காவது நெட்வொர்க். கவுண்டரிலிருந்து சர்வருக்கு "பிங்" என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கடைக்குள்ளேயே வயர் இணைப்பு என்றால் ஒரு மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் வயர், ஸ்விட்ச் அல்லது எலி கடித்த இடம்! பில் கவுண்டர்களை வைஃபையில் ஓட்டாமல் வயரில் ஓட்டுவதே நல்லது.

இந்த நான்கும் அமைதியாக இருந்தும் பில் நிற்கிறதென்றால், பெரும்பாலும் லாக் விவகாரம்தான். இதை நாம் தோண்ட வேண்டாம். மென்பொருள்காரரை அழைத்துக் குறிப்பாகக் கேளுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் யார் யாரைத் தடுத்து நிற்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். மை எஸ்.க்யூ.எல். என்றால் ஸ்லோ க்வெரி லாக் என்ற வசதியை இயக்கச் சொல்லுங்கள். அதை நாம் இயக்கினால்தான் ஓடும். பத்து செகண்டுக்கு மேல் எடுக்கும் வேலைகளை மட்டுமே குறிக்கும்படி வைத்திருப்பார்கள். நமக்கு இரண்டு செகண்டே அதிகம் என்று சொல்லி அந்த அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் புது மெஷின் விற்பார்கள். "சாயங்காலம் ஆறரை மணிக்கு எது எதைத் தடுக்கிறது?" என்று கேட்டால் வேலை பார்ப்பார்கள்.

ஊருக்கே வந்த அதே நோய்

இது சின்னக் கடைகளின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 12-ஆம் தேதி சனிக்கிழமை நாடெங்கும் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. கியூ.ஆர். அட்டையை நீட்டிய நம்மைப் போன்ற கடைக்காரர்கள் அன்று பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. காரணத்தை ஆராய்ந்த தேசிய கொடுப்பனவுக் கழகம் என்ன கண்டது? "அந்தப் பணம் போயிற்றா, இல்லையா?" என்று சரிபார்க்கும் கேள்விகளைச் சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக் கொண்டிருந்தன. அந்தக் கேள்விகளின் வெள்ளத்திலேயே அமைப்பு மூச்சுத் திணறியது. அதன் பிறகு, முதல் கேள்வியை 90 செகண்ட் கழித்துத்தான் கேட்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒரு செயலியில் ஒருவர் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புப் பார்க்க முடியாது என்ற வரம்பும் வந்தது. அதே ஆகஸ்ட் மாதத்தில் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின.

நமது கவுண்டரிலும் இதே கதைதான்! திரை நின்றவுடன் என்டரை நான்கு முறை தட்டுகிறோம். புரோகிராமை மூடி மறுபடி திறக்கிறோம். ஒவ்வொரு தட்டலும் ஏற்கெனவே திணறும் சர்வருக்கு இன்னொரு சுமை. சில நேரம் ஒரே பில் இரண்டு முறை பதிவாகி இருப்புக் கணக்கையும் குழப்பி விடுகிறது. திரை நின்றால் கையை எடுத்து விட்டு, மணியைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இதைப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

கூட்டத்தைப் பிரித்து விடுவதும் ஒரு வைத்தியம்தான். இ-வே பில் 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி கட்டாயமாக வந்த முதல் நாளிலேயே தொழில்நுட்பக் கோளாறால் ஒத்தி வைக்கப்பட்டது. பிறகு மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1-இலும், நம் தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கு ஜூன் 2-இலும் எனப் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலின் கடைசி நாளில் எல்லோரும் மோதிப் போர்ட்டல் நின்றதால், 2020 ஜனவரியில் மாநில வாரியாகத் தேதியைப் பிரித்தார்கள். இன்றும் காலாண்டுக்கு ஒரு முறை 3பி தாக்கல் செய்யும் நமக்கு 22-ஆம் தேதி, வடக்கே பல மாநிலங்களுக்கு 24-ஆம் தேதி என்று இருப்பது அந்த வழியில் வந்ததே. அத்தனை பெரிய அமைப்பே வேலையைப் பிரித்துத்தான் சமாளிக்கிறது. நாம் ஒரு அறிக்கையை மதியத்துக்கு மாற்றுவதில் என்ன கஷ்டம்?

டேட்டா பெருத்தால்...

பல பில் மென்பொருள்களுக்கு அடியில் ஓடுவது எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்னும் இலவசப் பதிப்பு. இலவசம் என்பதால் அதற்கு எல்லைகள் உண்டு. 2016 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.க்கு மேல் வளராது. எட்டியதும் புதிய பில் பதிவாகாது. டிஸ்கில் எத்தனை இடமிருந்தாலும் சரி. விவரங்களை வைத்துக் கொள்ள அது பயன்படுத்தும் மெமரியும் சுமார் 1.4 ஜி.பி.தான். நாம் 32 ஜி.பி. மெமரியோடு புதுச் சர்வர் வாங்கிப் போட்டாலும் மிச்சத்தை அது தொடாது! வாங்கும் முன் எந்தப் பதிப்பு, இப்போது எத்தனை ஜி.பி. என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

அதற்காகப் பழைய கணக்கை அழித்து விடவும் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அழிக்காமல், ஆண்டு வாரியாகப் பிரித்துத் தனியே வைப்பதுதான் முறை. டேலியிலும் இப்படிப் பிரிக்கும் வசதி உண்டு. பிரிக்கும் முன் பேக்கப் எடுப்பது அவசியம்.

பேக்கப் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பிரஸ் பதிப்பில் தானாக நேரம் பார்த்து பேக்கப் எடுக்கும் ஏஜெண்ட் கிடையாது. விண்டோஸ் மூலம் தனியாக ஏற்பாடு செய்திருந்தால்தான் நடக்கும். "அதெல்லாம் தானாப் போயிட்டிருக்கு" என்ற வாய் வார்த்தையை நம்பாமல், கடைசி பேக்கப் கோப்பின் தேதியைக் கண்ணால் பாருங்கள். கடை மூடிய பிறகு எடுக்கும்படி வையுங்கள். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டேட்டா கெட்டுப் போகலாம். கவுண்டருக்கு மட்டும் யு.பி.எஸ். போட்டுச் சர்வரை விட்டு விடுவது, கல்லாவைப் பூட்டிக் குடோனைத் திறந்து போடுவது போன்றது.

இன்றே தொடங்குங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். பக்கத்தில் ஐந்து கோடு போடுங்கள்: தேதி, மணி, எந்தக் கவுண்டர், என்ன வேலை, எத்தனை செகண்ட். திணறும் நாளில் மட்டும் எழுதினால் போதாது. நன்றாக ஓடும் ஒரு காலை நேரத்தில் பத்துச் சாமான் பில் ஒன்று போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். நல்ல நாளின் அளவு தெரிந்தால்தான் கெட்ட நாளை அளக்க முடியும். மாதம் ஒரு முறை டேட்டாவின் அளவு, டிஸ்கில் மீதி இடம், கடைசி பேக்கப் தேதி ஆகிய மூன்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அதைப் புரட்டிப் பார்த்தால், கூட்டம் வரும் முன் கோளாறு நம் கண்ணில் படும்.

தராசு சரியில்லை என்று சந்தேகம் வந்தால் உடனே புதுத் தராசு வாங்குகிறோமா? எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். அளந்து பார்க்காமல் ஆளையும் குறை சொல்ல வேண்டாம், மெஷினையும் குறை சொல்ல வேண்டாம். நமது கடையில் அந்த நோட்டு இன்றும் சர்வருக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. எழுதுகிறவர் அதே பெண்தான்.